பதினான்கு புள்ளி இரண்டு

நான்கு வருடம் அந்த எண்
எங்கள் வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில்
ஒரு காந்தத்தின் அடியில் இருந்தது.
ஹேசல் கொட்டை: பதினான்கு புள்ளி இரண்டு.
பக்கத்தில் ஆய்வகம் அச்சிட்ட சின்ன அம்பு, மேல்நோக்கி.
பால், ஒன்றுமில்லை. முட்டை, ஒன்றுமில்லை.
பிர்ச் மகரந்தம், நூறுக்கும் மேல்.
அந்த வரியில் கண்ணை நிறுத்தியவர் எவருமில்லை.
குவோப்பியோவில்
மே மாதத்தில் தும்மாதவர் யார்?

நான் கேக் செய்பவன்.
விடியுமுன் மூன்று மணிக்குக் கொட்டை வறுப்பேன்,
துணியில் தேய்த்துத் தோல் நீக்குவேன்,
மாவாய் அரைப்பேன்.
நகக்கண்ணில் ஏறும் அது, காதுமடலில் படியும்.
நடுப்பகலில் திரும்பி வந்து
படிக்கட்டுக்குக் கீழே, சைக்கிள்கள் நிற்கும் அறையில்
சட்டை, காற்சட்டை எல்லாம் உருவிப்
பையில் போட்டு இறுக்கிக் கட்டுவேன்.
ஜனவரியில் அங்கே மைனஸ் பதினெட்டு.
மூன்றாம் மாடி ஹுவோவினென் அம்மாள்
முதல் வருடம் என்னைப் பார்த்து அலறினாள்.
இரண்டாம் வருடம் வணக்கம் சொன்னாள்.
அப்புறம் கதவைப் பிடித்துக்கொள்ளவே தொடங்கிவிட்டாள்.

முழங்கைவரை சோப்புப் போட்ட பிறகுதான்
கெர்ட்டு என்னைத் தொடலாம்.
கூடத்தின் மறுகோடியில்
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாள்.
"ஆயிற்றா?"
"இன்னும் இல்லை."
"இப்போது?"

மூன்று வயதில் ஒரு நாள் கண் வீங்கிற்று, உதடு தடித்தது.
என் பையிலிருந்து எடுத்த பிஸ்கோத்து
அவள் கையில் பாதி இருந்தது.
முற்றம் முழுக்க மஞ்சள் தூள் பறந்துகொண்டிருந்ததை
நான் சொல்லவில்லை,
யாரும் கேட்கவுமில்லை.
பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

இந்த இலையுதிர்காலத்தில் வந்த புது டாக்டர் பெல்கோனென்
பழைய தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
"இந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன் என்கிறது ரத்தம்.
பார்த்தால் கையோங்குமா என்பதை
அது சொல்லவே இல்லையே."
மறுபடி ஒரு குழாய் ரத்தம்.
கெர்ட்டு அழவில்லை; மூடி ஏன் மஞ்சள் என்று கேட்டாள்.
இந்த முறை கொட்டையை முழுசாய்க் கேட்கவில்லை,
ஒவ்வொரு புரதமாய்க் கேட்டார்கள்.
விதை தனக்கென்று சேர்த்துவைக்கும் இரண்டுக்கும்
பூஜ்யம், பூஜ்யம்.
பிர்ச் பூந்தூளின் சாயலில் இருக்கும் ஒன்றுக்கு மட்டும்
எண் எகிறியது.

"அப்படியானால் சாப்பிடலாமா?"
"இங்கே. என் கண்ணெதிரே," என்றார்.

ஆஸ்பத்திரியில் ஒரு நாள்.
புறங்கையில் ஊசிக்குழாய்,
தட்டில் தயாராய் அட்ரினலின்,
ஓட்ஸ் கஞ்சியில் கலந்த ஒரு சிட்டிகை.
அரை மணி. இரண்டு சிட்டிகை. அரை மணி.
மூடியைத் திறந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது,
வறுவல் போதாது.
வாய்வரை வந்ததை விழுங்கினேன்.
நான்காம் முறை, "நாக்கு கூசுகிறது" என்றாள்.
நர்ஸ் நேரத்தைக் குறித்தாள்.
என் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
பத்து நிமிடத்தில் கூச்சம் போயிற்று.
கடைசியாக ஒரு முழுக் கரண்டி.
அதன்பின் இரண்டு மணி நேரம்
படகு படப்புதிரின் வானத்தை மட்டும் மூவரும் அடுக்கினோம்,
ஒரே நீலம், ஒன்றும் பொருந்தாமல்.

எதுவும் நடக்கவில்லை.
"எப்படி இருந்தது?" என்றேன்.
நான்கு வருடம் கேட்கக் காத்திருந்த கேள்வி.
"பிடிக்கவில்லை," என்றாள் கெர்ட்டு.

மறுநாள் சைக்கிள் அறையைத் தாண்டி
மாவு படிந்த சட்டையோடே படியேறினேன்.
ஹுவோவினென் அம்மாள் நின்று பார்த்து
"உடம்புக்கு என்ன?" என்று விசாரித்தாள்.
கதவைத் திறந்தேன்.
கூடத்தின் மறுகோடியில் கெர்ட்டு,
கைகள் பின்னால்.
"ஆயிற்றா?"